பாதி கண்ணு தெறந்து நிக்கிற ஹெட்லைட்டு: மோட்டார் வாங்கறதுக்கு முன்னாடி ஒரு சாக்பீஸ் வாங்கு

தம்பி, மொதல்ல அந்த மோட்டாருக்கு அட்வான்ஸ் கட்டாத. நீ கேட்டத நானே ஒருவாட்டி சொல்லிப் பாத்துக்கறேன், தப்பா புரிஞ்சிகினு பதில் சொல்லிடக்கூடாது இல்ல. 91 மாடல் மாஸ்டா எம்எக்ஸ்-5, உங்க பெரியப்பா சீமையில டாக்டரா இருந்துட்டு திரும்பி வரும்போது கப்பல்ல ஏத்திக் கொண்டாந்தது, காட்பாடி வீட்டு ஷெட்டுல பதினோரு வருஷம் துணி போத்தி நின்னுச்சி, இப்ப நீ எடுத்து ஓட்டற. அதுல ஹெட்லைட்டு பாடிக்குள்ள மறைஞ்சி இருக்கும், பட்டன அமுத்தினா மோட்டார் மேல தூக்கும். ரைட் சைடு லைட்டு ஒழுங்கா மேல வருது, லெஃப்ட்டு பாதி ஏறி நின்னுடுது, சில சமயம் ஸ்பீட் பிரேக்கர்ல வண்டி தூக்கிப் போட்டா தானா மீதி ஏறிடுது. ஒரு பட்டறையில மோட்டார் அவுட்டு, வெளிநாட்டுல இருந்து வரவழைக்கணும், முப்பதாயிரம்னு சொல்லிட்டாங்க, இன்னொருத்தரு டைரக்டா ஒயர் இழுத்து தனி சுவிட்ச் போட்டுத் தரேங்கறாரு. இதானே?

ஸ்பீட் பிரேக்கர்ல குலுங்கினா ஏறுதுன்னு நீயே சொல்லிட்ட, அப்ப மோட்டார் செத்துடலடா. செத்த மோட்டாரு குலுக்கினா எழுந்துக்காது. எங்கயோ ஒரு எடத்துல காண்டாக்ட் உட்டு உட்டு புடிக்குது, அது எந்த எடம்னு கண்டுபுடிக்கறது தான் வேலையே, அதுக்கு முப்பதாயிரம் வேணாம், ஒரு சாக்பீஸும் ஒரு பழைய 21 வாட் பல்பும் ஒரு ஞாயித்துக்கெழமை காலையும் போதும்.

இந்த லைட்டு எப்படி ஏறி எறங்குதுன்னு தெரிஞ்சிகினா பாதி வேலை முடிஞ்சிது. நெறைய பேரு இன்னா நெனைக்கிறாங்கன்னா, மேல ஏற மோட்டாரு ஒரு பக்கம் சுத்துது, கீழ எறங்க ரிவர்ஸ்ல சுத்துதுன்னு. பவர் விண்டோ அப்படித்தான், ஆனா உன் வண்டியில இது அப்படி கெடையாது. மோட்டாரு எப்பவும் ஒரே பக்கம் தான் சுத்தும். மோட்டார்ல இருந்து வார்ம் கியரு, அதான் திருகாணி மாதிரி இருந்து பல்சக்கரத்த சுத்தற கியரு, அதுல இருந்து ஒரு சின்ன கிராங்க் கை, அந்த கையில இருந்து ஒரு ராடு போய் லைட்ட தூக்குது. கிராங்க் அர சுத்து சுத்தினா லைட்டு மேல, அடுத்த அர சுத்து சுத்தினா கீழ. நம்ம ஊரு கார் வைப்பர் மோட்டார் தெரியும் இல்ல, சுவிட்ச நடுவுல ஆஃப் பண்ணாலும் வைப்பர் கண்ணாடி நடுவுல நிக்காம கீழ போய் படுத்துக்குது பாரு, அதே டெக்னிக்கு தான். கியருக்குள்ள ஒரு ரவுண்டு பிளேட்டு, அதுமேல காப்பர் பட்டை, அதுமேல சின்ன சின்ன ஸ்பிரிங் தகடு உரசிக்கினே போகும். லைட்டு முழுசா மேல வந்த எடத்துல பட்டை கட்டாகி இருக்கும், அங்க கரண்ட் போயி மோட்டார் நின்னுடும். கீழ வர்றதுக்கு வேற பட்டை, அதுக்கு வேற எடத்துல கட்டு. நீ சுவிட்ச் போடறப்ப ரிலே, அதான் கரண்ட்டால வேலை செய்யற சின்ன சுவிட்ச் டப்பா, எந்த பட்டைக்கு கரண்ட் குடுக்கறதுன்னு மட்டும் தான் மாத்துது, எங்க நிக்கணும்னு முடிவு பண்றது உள்ள இருக்கற அந்த பிளேட்டு. பதினோரு வருஷம் ஆடாம அசையாம நின்ன வண்டியில அந்த பட்டை மேல இருக்கற கிரீஸு மெழுகு மாதிரி காஞ்சி போயிருக்கும், வேலூர் வெயில்ல தகர ஷெட்டுக்குள்ள இருந்துச்சின்னா கேக்கவே வேணாம்.

உன் வண்டியில லைட்டுக்கு ஒரு மோட்டாரு, ஆகமொத்தம் ரெண்டு. எல்லா வண்டியிலயும் இப்படி இல்ல. போர்ஷே 944ல நடுவுல ஒரே மோட்டாரு, அதுல இருந்து ரெண்டு பக்கமும் ராடு போகும், அதனால அதுல ஒரு பக்கம் மட்டும் ஏறலன்னா மோட்டார பாக்கவே வேணாம், ராடு எங்க கழண்டுதுன்னு பாத்தா போதும். அமெரிக்காக்காரன் 68ல இருந்து 82 வரைக்கும் விட்ட கார்வெட்ல மோட்டாரே கெடையாது, இஞ்சின் வாக்கம்ல தூக்கும், ரப்பர் ஓஸு வெடிச்சா தூங்கி எழுந்த கெழவன் மாதிரி மெதுவா ஒரு கண்ண தெறக்கும். ஓப்பல் ஜிடி-ன்னு ஒண்ணு, அதுல கியர் லீவர் பக்கத்துல கைப்புடி, ஆளே தள்ளணும், லைட்டு உருண்டு தெறக்கும். 1936 மாடல் கார்ட் 810 தான் இந்த மாதிரி லைட்ட மறைச்ச மொத கார், அதுல டேஷ்போர்டுல கைப்புடி போட்டு சுத்தித் தூக்கணும். கடைசியா கார்வெட் சி5-ம் லோட்டஸ் எஸ்ப்ரியும் 2004ல நின்னுச்சி, அதோட கம்பெனி போட்டு பெருசா விக்கிற வண்டிங்கள்ல இந்த லைட்டு முடிஞ்சிது. உன் எம்எக்ஸ்-5லயே 97 வரைக்கும் தான், அடுத்த மாடல்ல சாதா லைட்டு வெச்சிட்டான். எனக்கு அந்த புது மூஞ்சி புடிக்கவே இல்ல, அது வேற கதை.

சரி வேலைக்கு வருவோம். பானெட்ட தெறந்து பேட்டரிய தேடாத, உன் வண்டியில பேட்டரி டிக்கியில இருக்கு. இஞ்சின் பக்கம் இருக்கற மெயின் ஃப்யூஸ் பாக்ஸ்ல ரிட்ராக்டர்னு போட்ட 30 ஆம்ப் ஃப்யூஸ் இருக்கும், கைய உள்ள உடறதுக்கு முன்னாடி அத புடுங்கி பாக்கெட்ல போட்டுக்கோ. பாக்கெட்லன்னு ஏன் சொல்றேன்னா, ஃப்யூஸ பக்கத்துலயே வெச்சா தெரியாம எவனாவது சொருகிடுவான், பசங்க கூட இருந்தா இன்னும் மோசம். அந்த மோட்டாரு சின்னதா இருக்குன்னு நெனைக்காத, வார்ம் கியரோட பலம் அது, வெரல் மாட்டினா எலும்பு பாக்காம இழுக்கும். என் ஹெல்பர் பையன் ஒருத்தன் நகம் போயி மூணு மாசம் சோத்துக்கு கஷ்டப்பட்டான்.

ஃப்யூஸ புடுங்கினப்பறம் லெஃப்ட் மோட்டார் பின்னாடி பாரு, ரப்பர் மூடி போட்ட ஒரு குமிழ் இருக்கும். மூடிய கழட்டி குமிழ கையால சுத்து, ஒரே பக்கமா, நெறைய சுத்து சுத்தணும், சலிச்சிக்காத. லைட்டு மெதுவா ஏறும், இன்னும் சுத்தினா எறங்கும். இது வண்டி நடுரோட்டுல மக்கர் பண்ணா கையால தூக்கறதுக்கு கம்பெனி வெச்சது, நமக்கு இதான் டெஸ்ட்டிங் மிஷின். முழுசா ஒரு ரவுண்டு சுத்திப் பாரு, எங்கயாவது இறுக்கமா வருதா, கரகரன்னு வருதா, பட்டுனு தளருதான்னு கை சொல்லும். ஒரே மாதிரி லேசா வந்துச்சின்னா மெக்கானிக்கல் சைடு ஓகே. எக்காரணம் கொண்டும் லைட்டு மூடிய புடிச்சி மேல இழுக்காத, வார்ம் கியரு அந்தப் பக்கத்துல இருந்து சுத்தாது, பல்லு தான் போகும். ஏற்கனவே யாராவது இழுத்திருந்தா அதுவும் கேட்டு தெரிஞ்சிக்கோ, உண்மைய சொல்ல மாட்டாங்க, இருந்தாலும் கேளு.

இப்ப சாக்பீஸ் வேலை. லைட்டு ஏறும்போது பக்கவாட்டுல வர்ற அந்த கவர் மேலயும், பக்கத்துல பாடி ஓரத்துலயும் பாத்து, லைட்டு பாதியில நிக்கிற எடத்துல ரெண்டுலயும் சேத்து ஒரு கோடு போடு. ஃப்யூஸ சொருகிட்டு கைய தூர வெச்சிக்கோ, வீட்டுல யாரயாவது உள்ள உக்கார வெச்சி டேஷ்போர்டு நடுவுல இருக்கற லைட் தூக்கற பட்டன அமுத்தச் சொல்லு. நின்னா அங்க ஒரு கோடு. கையால ஏத்தி எறக்கி திருப்பியும் போடு, நின்னா அங்க ஒரு கோடு. பத்து வாட்டி பண்ணு. நிக்கிறப்ப காத தீட்டி வெச்சி கேளு, உம்முன்னு சத்தம் வந்துகினே இருக்கா, இல்ல செத்த மாதிரி அமைதியா நிக்குதா. இந்த ரெண்டே விஷயம் தான், எந்த எடத்துல நிக்குது, நிக்கறப்ப சத்தம் இருக்கா இல்லையா.

ஒரே எடத்துல நின்னு சத்தமே இல்லன்னா, உள்ள இருக்கற அந்த ரவுண்டு பிளேட்டுல அந்த எடத்துல பட்டை அழுக்காயிடுச்சி இல்ல தேஞ்சிடுச்சி, ஸ்பிரிங் தகடு அங்க வந்தா கரண்ட் கட்டு. ஃப்யூஸ புடுங்கிட்டு குமிழ இன்னும் கொஞ்சம் சுத்தி அந்த எடத்த தாண்ட வெச்சி, ஃப்யூஸ போட்டு பாரு, தானா கெளம்பி மேல போயிடுச்சின்னா சந்தேகமே வேணாம். ஒரே எடத்துல நின்னு உம்முன்னு சத்தம் வந்துச்சின்னா, கூடவே வண்டி உள்ள லைட்டு கொஞ்சம் மங்குச்சின்னா, கரண்ட் போகுது, மோட்டாரு தள்ளுது, எதுவோ தடுக்குது, ஒடனே ஃப்யூஸ புடுங்கு, இல்லன்னா மோட்டாருக்குள்ள சுத்தின கம்பி, அதான் வைண்டிங், கருகும். ஒவ்வொரு வாட்டியும் வேற வேற எடத்துல அமைதியா நின்னா, பிளேட்ட உட்டுடு, ஒண்ணு மோட்டாருக்குள்ள சுத்தற பாகத்துக்கு கரண்ட் குடுக்கற கார்பன் பிரஷ்ஷு தேஞ்சிருக்கும், இல்ல வெளிய ஒயரோ, ஒயர சொருகற கப்ளரோ, பாடிக்கு போற எர்த்தோ லூசு. இதுலயும் ஒரு வித்தியாசம் இருக்கு பாரு, குமிழு நேரா ஆர்மேச்சர் ஷாஃப்ட்டுல, அதான் மோட்டாருக்குள்ள சுத்தற தண்டுல, இருக்கறதால, பிரஷ் கேஸா இருந்தா குமிழ கால் சுத்து திருப்பினா போதும் கெளம்பிடும், ஏன்னா பிரஷ்ஷு உரசற காப்பர் வளையம் கம்யூட்டேட்டரு, அதுல அடுத்த பட்டைக்கு போயிடுது. பிளேட்டு கேஸா இருந்தா கால் சுத்துக்கு அசையாது, லைட்டு கண்ணுக்குத் தெரிஞ்சி கொஞ்சம் நகரணும். மோட்டார கழட்டாமலே உள்ள எது போச்சின்னு சொல்றதுக்கு எனக்குத் தெரிஞ்ச ஒரே வழி இது, யாரும் சொல்லித் தரல, நானா உருட்டிக் கத்துக்கினது.

வெளிய ஒயரிங் டெஸ்ட்டுக்கு வர்றேன். இங்க தான் எல்லாரும் மீட்டர வெச்சி ஏமாறுவாங்க. லைட்டு பாதியில நிக்கிறப்ப கப்ளர்ல மீட்டர் வெச்சி 12 வோல்ட் காட்டுது, அப்ப கரண்ட் வருது, மோட்டார் தான் அவுட்டுன்னு எழுதிக் குடுத்துடுவாங்க. உன் பட்டறைக்காரரும் அதத்தான் பண்ணியிருப்பாருன்னு என் யூகம். நம்ம பாலாறு மாதிரி தம்பி, பாலத்து மேல நின்னு பாத்தா இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் எவ்ளோ அகலம், தண்ணி ஓடுதா? மீட்டரு அகலத்த தான் காட்டும். ஒயர்ல நாப்பது இழையில ஒரே ஒரு இழை ஒட்டிக்கினு இருந்தாலும் மீட்டர்ல 12 வரும், ஏன்னா மீட்டரு கரண்ட இழுக்கவே இழுக்காது. அதனால ஒரு 21 வாட் பிரேக் லைட் பல்ப எடுத்து ரெண்டு ஒயர் சால்டர் பண்ணி வெச்சிக்கோ, அதான் நம்ம மீட்டர். கப்ளர்ல அந்த நேரத்துல கரண்ட் வர்ற பின்னுக்கும் எர்த் பின்னுக்கும் நடுவுல பல்ப குடு. வெள்ளையா பளிச்சினு எரிஞ்சா வெளி ஒயரிங் ஓகே, பிராப்ளம் மோட்டார் டப்பாவுக்குள்ள. மஞ்சளா, தூங்கற மாதிரி எரிஞ்சா வழியில எங்கயோ அடைப்பு. அப்ப எர்த் பின்ன உட்டுட்டு பல்போட அந்த முனைய நேரா சுத்தமான பாடி போல்ட்டுல வை, இப்ப பளிச்சுன்னா எர்த்து தான் திருடன்.

எர்த்து பாதி கேஸ்ல திருடன் தான், அனுபவத்துல சொல்றேன். எர்த் ஒயரு, பெரும்பாலும் கறுப்பா இருக்கும், பாடியில போல்ட் போட்ட எடம் வரைக்கும் தேடிப் போ. ஒயர் முனையில இருக்கற வளையத்த கழட்டி உப்புத்தாள் போட்டு பெயின்ட்டு துரு எல்லாம் எடுத்து தகடு பளபளக்கணும், அப்பால இறுக்கி மேல கொஞ்சம் வாஸ்லின் தடவு. உன் வண்டியில பேட்டரி டிக்கியில இருக்கறதால எர்த்து வண்டி நீளத்துக்கு பாடி வழியா வரணும், அதனால டிக்கியில நெகட்டிவ் கேபிள் பாடியில முட்டற போல்ட்டையும் இதே மாதிரி சுத்தம் பண்ணிடு, லைட்டுக்கு மட்டும் இல்ல, செல்ஃப் அடிக்கறதே மாறிடும். சந்தேகம் தீரலன்னா மோட்டார் ஓடிக்கினு இருக்கறப்ப மீட்டர்ல ஒரு முள்ள பேட்டரி நெகட்டிவ்லயும் இன்னொரு முள்ள மோட்டார் எர்த் பின்னுலயும் வெச்சி பாரு, நீள ஒயர் தேவப்படும், அர வோல்ட்டுக்கு மேல காட்டினா எர்த்து சரியில்ல. மீட்டர திட்டினேன், ஆனா இந்த டெஸ்ட்டுக்கு அது ரொம்ப நல்லது, ஏன்னா இங்க கரண்ட் ஓடிக்கினு இருக்கு.

இந்த பிளேட்டு விஷயம் எனக்கு எப்படி தெரியும்னா, 2003 வாக்குல ராணிப்பேட்டையில இருந்து ஒரு டொயோட்டா செலிகா வந்துச்சி, 90 மாடலு, தோல் வியாபாரம் பண்ற குடும்பத்து வண்டி. ஒரு கண்ணு தெறந்து ஒரு கண்ணு மூடி, ரோட்டுல போற பொம்பளைங்கள எல்லாம் பாத்து கண்ணடிக்கற மாதிரி இருக்குதுன்னு அந்த பாய் கூச்சப்பட்டுக்கினே வந்தாரு. நான் அப்ப பெரிய ஆளுன்னு நெனப்பு, அம்பாஸடர் வைப்பர் மோட்டாரு நூறு வைண்டிங் பண்ணிருக்கேன், இது இன்னா பிஸ்கோத்துன்னு தெறந்தேன். மோட்டாரு புதுசு மாதிரி இருக்கு, பிரஷ்ஷு பாதி கூட தேயல, கம்யூட்டேட்டரு சுத்தம். ரெண்டு நாளு மண்டைய ஒடச்சிக்கினேன். மூணாம் நாளு கியர் மூடிய தெறந்தா காப்பர் பட்டை மை பூசின மாதிரி கன்னங்கரேல்னு இருக்கு. சாதாரணமா காப்பரு காத்துல கெட்டா பழுப்பாவும், ஈரத்துல பச்சையாவும் ஆகும், இது கறுப்பு. வண்டி நின்ன ஷெட்டு தோல் ஷாப்பு சுண்ணாம்புக் குழிக்கு பக்கத்துல. தோல்ல முடி எடுக்க சோடியம் சல்ஃபைடு போடுவாங்க, அதுல இருந்து அழுகின முட்ட நாத்தத்தோட வர்ற வாயு காப்பர கறுப்பாக்கும், வெள்ளியையும் கறுப்பாக்கும், ரிலே பாயின்ட்டு வரைக்கும் போகும். அந்தப் பக்கம் நிக்கிற வண்டிங்கள்ல ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு எல்லாத்துலயும் இத பாத்திருக்கேன். பென்சில் அழிக்கற ரப்பரால தேய்ச்சதும் பட்டை பளிச்சினு வந்துடுச்சி, வண்டி ரெண்டு கண்ணும் தெறந்துச்சி, எனக்கும் தெறந்துச்சி. உன் வண்டி காட்பாடியில இருந்ததால கறுப்பு இருக்காது, காஞ்ச கிரீஸ் தான் இருக்கும்னு நெனைக்கறேன்.

டெஸ்ட்டுல பிளேட்டுன்னு வந்துச்சின்னா மோட்டார கழட்டித் தான் ஆகணும். கழட்டறதுக்கு முன்னாடி கிராங்க் கையும் ஷாஃப்ட்டும் சேர்ற எடத்துல மார்க்கர்ல கோடு போட்டுக்கோ, ரொம்ப முக்கியம், கை ஒரு பல்லு மாறி உக்காந்தாலும் லைட்டு பாதி தெறந்தோ, மூடி பாடிய விட மேல தூக்கிக்கினோ நிக்கும், அப்பால என்னைய திட்டுவ. நட்ட கழட்டறப்ப கிராங்க் கைய ஸ்பானர் வெச்சி புடிச்சிக்கோ, இல்லன்னா மொத்த பலமும் உள்ள கியர் பல்லுல போய் விழும். டப்பா மூடிய தெறந்தா உள்ள பழைய கிரீஸு நம்ம கடையில விக்கிற பனவெல்லம் கலர்ல கட்டியா இருக்கும். அத மண்ணெண்ணையில ஊற வெக்காத, பிளாஸ்டிக் கியரு, மரக்குச்சியால சொரண்டி துணியால தொடச்சி எடு. பிளேட்டுல தகடு ஓடின தடம் வட்டமா கோடு கோடா தெரியும், அந்தக் கோட்டுல ஒரு எடம் மட்டும் மங்கலா இருந்துச்சின்னா அதான் உன் சாக்பீஸ் கோடு நின்ன எடம். ரப்பரால தேய், போகலன்னா 1000 நம்பர் எமரி லேசா, கரடு உப்புத்தாள் போட்டா காப்பர் பட்டை முடிஞ்சிது. காண்டாக்ட் கிளீனர் அடிச்சி காய உடு. ஸ்பிரிங் தகடு மூணும் ஒரே ஒசரத்துல நிக்குதான்னு கண்ணு மட்டத்துல வெச்சி பாரு, ஒண்ணு படுத்திருந்தா நகத்தால துளி தூக்கி உடு, துளின்னா துளி தான், ஒடஞ்சா எங்கயும் கெடைக்காது. பட்டை மேல வாஸ்லின் ஒரு படலம், கியருக்கு வெள்ளை லித்தியம் கிரீஸு. லாரி சேசிஸுக்கு அடிக்கற மஞ்ச கிரீஸ அள்ளி வெக்கக்கூடாது, அது பட்டை மேல வழிஞ்சி திருப்பியும் இதே கதை. நீ ஏற்கனவே டபிள்யூ டி 40 அடிச்சேன்னு சொன்ன, அடிச்சது லிங்க்குல பட்டா பரவால்ல, டப்பாவுக்குள்ள போயிருந்தா பழைய கிரீஸ கரைச்சி பட்டை மேல ஓட விட்டிருக்கும், அதனாலயே நேத்து ரெண்டு தடவ நல்லா ஏறி இன்னிக்கி மோசமாயிருக்கலாம்.

கார்பன் பிரஷ்னு வந்துச்சின்னா பயப்படாத, அதே சைஸு தேடி அலையாத, கொஞ்சம் பெருசா வாங்கி தரையில உப்புத்தாள் போட்டு நாலு பக்கமும் தேய்ச்சி சைஸுக்கு கொண்டா, ஹோல்டர்ல தானா வழுக்கி எறங்கணும், அடிச்சி எறக்கக்கூடாது. மிக்ஸி பிரஷ்ஷு போடாத, அது 230 வோல்ட்டுக்கு செஞ்சது, 12 வோல்ட்டுக்கு அதுல ரெசிஸ்டன்ஸ் ஜாஸ்தி, காரு பிரஷ்ல காப்பர் கலந்திருக்கும், ஒடச்சி பாத்தா செவப்பா மினுக்கும்.

உம்முன்னு சத்தம் வர்ற கேஸா இருந்தா கண்ணால பாக்கற வேலை தான். ராடு ரெண்டு முனையிலயும் பிளாஸ்டிக் புஷ்ஷு இருக்கும், நம்ம கத்திரி வெயில்ல அது அப்பளம் மாதிரி நொறுங்கும், லேத் பட்டறையில நைலான் ராடு குடுத்தா கடைஞ்சி குடுப்பாங்க, பழசோட ஒடஞ்ச துண்டையும் எடுத்துக்கினு போ, அளவு வாயால சொல்லாத. மூடி ஓரம் பாடியில உரசுதான்னு பேப்பர் சொருகி பாரு, முன்னாடி எங்கயாவது இடிச்சி டிங்கரிங் பண்ண வண்டின்னா இதான் மொத சந்தேகம். பதினோரு வருஷம் ஷெட்டுல நின்ன வண்டிக்கு இன்னும் ரெண்டு பேரு மேல கேஸ் போடலாம், எலியும் கொளவியும். லைட்டு குழிக்குள்ள கொளவி மண்ணு கூடு கட்டி அது காஞ்சி கல்லாட்டம் ஆகி லிங்க்க புடிச்சிக்கினு நின்னத என் கண்ணால பாத்திருக்கேன், ஆளு மோட்டார் மாத்தி ஃப்யூஸ் மாத்தி ரிலே மாத்தி கடைசியா ஸ்க்ரூ டிரைவரால ரெண்டு தட்டு தட்டினா சரியாச்சி. எலி கடிச்ச ஒயரு மேல பாத்தா டேப்போட முழுசா இருக்கும், அடிப்பக்கம் தடவினா தான் தெரியும். இன்னொண்ணு, உன் லைட்டு நம்ம ஜீப்புக்கு வர்ற அதே 7 இன்ச்சு ரவுண்டு தான், அதனால ஜீப்புக்கு விக்கிற எல்ஈடி லைட்ட மாட்டிடலாம்னு நெறைய பேருக்கு ஆசை, பின்னாடி அலுமினிய பாடியோட அது நல்ல கனம், அந்த மோட்டாரு அந்த கனத்துக்கு செஞ்சது இல்ல. சாதா 60/55 வாட் எச்4 பல்பே போதும், லென்ஸ தொடச்சி வை.

டைரக்ட் ஒயரு போட்டுத் தரேன்னவர பத்தி. அவரு கெட்டவரு இல்ல, ஆனா இந்த மோட்டாரு எங்க நிக்கணும்னு சொல்றது உள்ள இருக்கற பிளேட்டுன்னு சொன்னேனே, அத தாண்டி நேரா கரண்ட் குடுத்தா நிறுத்த ஆளே இல்ல, ஏறும் எறங்கும் ஏறும் எறங்கும், சுவிட்ச நீ சரியான நேரத்துல ஆஃப் பண்ணிக்கினே வண்டி ஓட்டணும். மறந்து உட்டா ஊரு பூரா கண்ணடிச்சிக்கினே போவ, கடைசியில மோட்டார் கருகும், அப்ப நெசமாவே முப்பதாயிரம். அதே மாதிரி 30 ஆம்ப் ஃப்யூஸுக்கு பதிலா ஒயர் இழை சொருகற பழக்கமும் வேணாம். நானும் சின்ன வயசுல ஒரு வண்டிக்கு அவசரத்துக்கு காப்பர் இழைய சுத்தி அனுப்பிட்டேன், லைட்டு மூடியில துணி மாட்டி மோட்டாரு தெணறி, பள்ளிகொண்டா தாண்டி ராத்திரி பத்து மணிக்கு பானெட்ல புகை. ஓனரு குடும்பத்தோட ரோட்டோரம் நிக்கறாரு, எனக்கு வந்த திட்டு இன்னிக்கும் காதுல கீது. ஒயரிங் செட்ட முழுசா என் செலவுல மாத்திக் குடுத்தேன்.

உன் கேஸ் இல்லன்னாலும் சொல்லி வெக்கறேன், நாளைக்கி தேவப்படும். ரெண்டு லைட்டுமே அசையலன்னா மோட்டாருங்க பக்கமே போகாத, ரெண்டு மோட்டாரு ஒரே நாள்ல சாகாது. பட்டனும் அந்த 30 ஆம்ப் ஃப்யூஸும் தான் ரெண்டுக்கும் பொது, அங்க ஆரம்பி. ஃப்யூஸ கண்ணால பாத்து நல்லாக்கீதுன்னு சொல்லாத, பல்பு வெச்சி ரெண்டு பக்கமும் பாரு. பட்டன அமுத்தறப்ப ரிலே டிக்குன்னு சொல்லுதா கேளு, சொல்லியும் கரண்ட் வெளிய வரலன்னா உள்ள பாயின்ட்டு கருகியிருக்கும். லைட்டு நிக்காம ஏறி எறங்கிக்கினே இருந்தா பிளேட்டுல கட்டு இருக்கற எடத்துல கார்பன் தூளும் கிரீஸும் சேந்து பாலம் போட்டுடுச்சின்னு அர்த்தம், மேல சொன்ன அதே சுத்தம் தான். மோட்டாரு ஓடற சத்தம் கேக்குது லைட்டு அசையவே இல்லன்னா கிராங்க் நட்டு லூசு, இல்ல ராடு கழண்டுது, அஞ்சு நிமிஷ வேலை.

அது வரைக்கும் வண்டிய நிறுத்தி வெக்க வேணாம். ரெண்டு லைட்டையும் குமிழ சுத்தி முழுசா மேல தூக்கிட்டு அந்த ஃப்யூஸ புடுங்கி வெச்சிடு, லைட்டு எரியறதுக்கு வேற சர்க்யூட்டு, அது பாட்டுக்கு எரியும், தவக்களை மாதிரி முழிச்சிக்கினு போகும், போகட்டும். ஏலகிரி கொண்டை ஊசி வளைவுல ராத்திரி ஒத்தக் கண்ணோட எறங்கறத விட அது மேல். நீ போன வாரம் அப்படி எறங்கினேன்னு எழுதியிருந்த பாரு, அத படிச்சிட்டு தான் இவ்ளோ நீளமா எழுதறேன்.

ஞாயித்துக்கெழமை சாக்பீஸ் வேலைய முடிச்சிட்டு பத்து கோடும் ஒரே எடத்துல விழுந்துச்சா, செதறி விழுந்துச்சா, நிக்கறப்ப சத்தம் இருந்துச்சான்னு மட்டும் சொல்லு. செதறி விழுந்துச்சின்னா மோட்டார கழட்டாம கப்ளர்ல பல்பு டெஸ்ட்ட பண்ணிட்டு வா. ஒரே எடம்னா கழட்டி எடுத்துக்கினு நேரா சத்துவாச்சாரிக்கு வந்துடு, ரப்பரு எங்கிட்ட கீது.